நூதனசாலையின் களஞ்சிய அறைக்கும் பணம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களே,

வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தை முன்னிட்டு இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். தேசிய நூதனசாலைகளில் உள்ள பொருட்களைப் பேணுவதற்கென்றே, வேறு செலவுக்குத் திருப்ப முடியாத ஒரு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்குங்கள். புதிய கட்டடமோ திறப்பு விழாவோ கேட்டு நான் வரவில்லை.

கொழும்பு தேசிய நூதனசாலை, கறுவாத்தோட்டத்து அந்த வெள்ளை மாளிகை, 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் கிரகரி முன்னின்றார், ஸ்மிதர் கட்டடத்தை வடிவமைத்தார், வாப்பிச்சி மரிக்கார் கட்டினார். பொலன்னறுவைச் சிவாலயத்தில் கிடைத்த வெண்கலக் காரைக்கால் அம்மையார் அங்கே இருக்கிறார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், கையில் தாளம், முகத்தில் அப்படியொரு பூரிப்பு. காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் அங்கேதான். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டைப் பொறித்து, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் இங்கே நிறுவிய கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தெய்வந்துறைக் கோயிலின் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்துகள் பல தேய்ந்துவிட்டன. தேய்ந்த எழுத்தை எந்த ஒதுக்கீடும் மீட்டுத் தராது.

கொழும்பின் காற்றில் கடலுப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. வெண்கலத்தில் ஊறிய குளோரைட்டு, ஈரம் பட்டதும் அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சைத் தூள் உதிரும். துடைத்துவிட்டால் மறுபடியும் வரும். ஓலைச்சுவடியைப் பூச்சி துளைக்கும், எண்ணெய் ஓவியத்தில் பூஞ்சணம் படரும். பகலில் குளிரூட்டியைப் போட்டு இரவில் நிறுத்துவதும் ஆபத்துதான். ஈரப்பதம் ஏறி இறங்கும்போதெல்லாம் துணியும் மரமும் விரிந்து சுருங்குகின்றன, வண்ணம் வெடிக்கிறது. இடைவிடாத மின்சாரம், ஈரமானி, பயிற்சி பெற்ற பேணுநர், முறையான சம்பளம். இவற்றில் எதுவும் நாடா வெட்டித் திறந்துவைக்கக்கூடியது அல்ல. அதனால்தான் உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

2012இல் கொழும்பு நூதனசாலையிலிருந்து பழைய நாணயங்களும் வாள்களும் திருட்டுப் போயின. புகைப்படம், அளவு, எடை, தழும்பு எல்லாம் பதிந்த பட்டியல் இருந்தால்தான் களவுபோன பொருளை உலகின் எந்த ஏலத்திலும் அடையாளம் காட்டி மீட்கலாம். காட்சியில் உள்ளவற்றுக்கு மட்டுமல்லாமல் களஞ்சிய அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு பதிவு வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும்.

2023இல் நெதர்லாந்து ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. 1765இல் கண்டியிலிருந்து கொள்ளையிடப்பட்ட லெவ்கே திசாவை என்ற கண்டி அரசின் பிரதானியின் பீரங்கியும் அவற்றில் ஒன்று. நானும் மகிழ்ந்தேன். இன்னும் பல பொருட்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அவற்றையும் கேட்க வேண்டும். கேட்பவர் கையில் இருப்பதைக் காத்துக் காட்டவும் வேண்டும்.

மருந்துக்கே தட்டுப்பாடு கண்ட நாட்டில் சிலைக்குப் பணமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கூரை ஒழுக்கை இன்றே அடைக்கும் செலவு, நனைந்த ஓவியத்தைப் பின்னர் சீர்செய்யும் செலவில் சிறு பங்குதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மறுபடியும் எழுப்பிவிட்டோம். அந்த ஏடுகள் வரவில்லை.

கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி பிறந்தது கொழும்பில், நூதனசாலை திறந்த அதே 1877இல். 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் ஆசியக் கலைச் செல்வங்களைக் காத்தவர் அவர். நமது தேசிய கலாபவனம் அவர் பெயர் தாங்கிய வீதியில்தான் இருக்கிறது. அந்த வீதியால் பாராளுமன்றம் போகும் உறுப்பினர்கள் ஒருமுறை இறங்கி, களஞ்சிய அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சபையில் எழுந்து அமைச்சரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பொருட்களுக்குப் புகைப்படப் பதிவு உண்டு? எத்தனை பேணுநர் பதவிகள் வெற்றிடமாக உள்ளன? இந்த ஆண்டு பேணலுக்கு எவ்வளவு? பதில்கள் ஹன்சாட்டில் பதியட்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை