சத்தம் போடுகிறவருக்குத்தான் முதல் பெட்டியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்முனைவோர் நேரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருங்கள், தியானம் செய்யுங்கள், செல்போனில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று யோசனைகள். நல்ல யோசனைகள்தான். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு எழுந்திருப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் எல்லாம்.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பெட்டி இன்றைக்கே வேண்டும். ஊறுகாய் கம்பெனிக்காரர் ஒருவர், பத்து மணிக்குள் மூன்று முறை கூப்பிடுவார். "மேடம், வண்டி வந்து நிக்குது, ஐந்நூறு பெட்டியாவது குடுங்க." உடனே ஓடுகிற வேலையை நிறுத்தி, அட்டையை வெட்டும் அச்சான டையைக் கழற்றி, வேறு டை மாட்டி, மையை மாற்ற வேண்டும். அவர் பணம் தருவதோ எழுபது நாள் கழித்து. இன்னொருவர் மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஆர்டரும் தேதியும் போடுவார், அத்தோடு சரி. பில் போன ஒரு மாதத்தில் பணம் வந்துவிடும். வாய் திறக்காத ஒரே காரணத்துக்காக இவருடைய ஆர்டர்தான் பின்னால் போகும். பேட்டையில் பல பட்டறைகளில் இதே கதைதான். இதற்குக் கவனச் சிதறல் என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறோம். நம் நாளின் வரிசையைச் சத்தம் போடுகிறவர் முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

அதனால் வரிசையை நான் முந்தின நாள் மாலையே போட்டுவிடுகிறேன். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்குவதற்குள் எழுதி முடித்துவிடலாம்; நடுவில் கொரட்டூர் ஒன்றுதானே. காலையில் அதை மெஷின் பக்கத்துப் போர்டில் எழுதுவேன். மூன்று வேலைக்கு மேல் கிடையாது. டெலிவரி தேதி என்ன, பணம் எப்போது வரும், இந்த இரண்டையும் பார்த்துத்தான் வரிசை. நடுவில் யார் கூப்பிட்டாலும் சூப்பர்வைசர் அண்ணன் போர்டைப் பார்த்துப் பதில் சொல்வார். முதல் இரண்டு மணி நேரம் என் போனும் அவரிடம்தான்.

அந்த நேரத்தில் காகித ரீலில் ஈரம் பார்ப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடுக்கிவைத்த பெட்டி அமுங்கிவிடும். முதல் பெட்டியை அளந்து பார்ப்பேன். அப்புறம் கொட்டேஷன். காகித விலை அடிக்கடி மாறுகிற தொழில் இது. போன் பேசிக்கொண்டே கணக்குப் போட்டு கிலோவுக்கு ஒரு ரூபாய் பிசகினால் பெரிய ஆர்டரில் கையைக் கடிக்கும். ஊறுகாய்க்காரர் ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார். இப்போது முந்தின நாளே சொல்லிவிடுகிறார்.

வசூலை மட்டும் 'நேரம் கிடைத்தால்' என்று வைத்தால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. செவ்வாய் பிற்பகலை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. வட்டி கேட்டு வாடிக்கையாளரை யார் இழப்பது, அது வேறு விஷயம். ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். இதை வாங்கிய கம்பெனி முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை. அவருடைய கணக்காளரிடம் பக்குவமாக நினைவூட்டினால், அதுவும் மார்ச் மாதத்தில், வேலை நடக்கிறது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்ட) 7-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) 11, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் சேமநிதி, மருத்துவக் காப்பீடு) 15, ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கட்டும் ரிட்டன்) 20 என்று மாதத்தின் நடுப்பகுதி முழுக்கக் கெடுதான். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் ஜிஎஸ்டி ரிட்டனைக் காலாண்டுக்கு ஒருமுறை தரலாம் என்பதே எங்கள் பட்டறை வரிசையில் சிலருக்குத் தெரியாது. உங்கள் நாளிதழில் நாங்கள் முதலில் பார்ப்பது மின்தடைப் பகுதிகள் பட்டியலைத்தான். காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லையென்றால் அன்றைய போர்டையே மாற்றி எழுத வேண்டும். டை சுத்தம் செய்வது, கணக்கு எழுதுவது என்று அந்த நாளைத் திருப்பிவிடலாம். ஆனால் முந்தின நாள்தான் தெரியவந்தால் ஆர்டரைத் தள்ளிச் சொல்ல முடியாது. மின்வாரியத்திடம் வாரம் முழுவதற்குமான பட்டியலைக் கேட்டு வாங்கி, அந்த வாரத்து வரிக் கெடுக்களோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில் ஒரே கட்டமாகப் போட முடியுமா?

இப்படிக்கு,
அட்டைப்பெட்டி தயாரிக்கும் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை