ஹாம்ஸ்டருக்கு மாடி வீடு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் பலர் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணியை வாங்குகிறார்கள். (நம் ஊர்க் காட்டுவெளியில் வளை தோண்டும் வெள்ளெலி வேறு, இது வேறு.) ஒரு ஜோடி, மூன்று மாடி வைத்த வண்ணக் கம்பிக் கூண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சக்கரம், ஒரு பை மரத்தூள் எனக் கடைகளில் செட்டாகவே கொடுத்துவிடுகிறார்கள். அந்த செட்டில் ஹாம்ஸ்டருக்குப் பொருந்துவது எதுவும் இல்லை.

முதலில் ஜோடி. சிரியன் ஹாம்ஸ்டர் (பெரிய வகை) தனிக்கட்டை. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆனால் கூடப்பிறந்ததையே கடித்துக் குதறிவிடும். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டாலோ 16 நாளில் குட்டிகள். ஒரு கூண்டில் ஒன்றுதான்.

அடுத்து மாடி. சிரியாவின் அலெப்போ வட்டாரத்தில் இவற்றின் வளைகளை அளந்து 2001-இல் வெளியான கள ஆய்வில், ஆழம் 36 முதல் 106 செ.மீ. வரை இருந்தது, சராசரி 65 செ.மீ. மண்ணுக்குள் இறங்கி வாழும் பிராணியை நாம் மாடியேற்றுகிறோம். அதற்குப் பார்வை மந்தம், உயரமும் பிடிபடாது. மேல் தட்டிலிருந்து கீழே விழுந்து கால் ஒடிவது சாதாரணம். மூன்று தட்டையும் கூட்டி இடம் நிறைய இருக்கிறது என்று கணக்குச் சொல்வதும் தவறு. ஒரே தளத்தில் தடையில்லாமல் ஓடக் கிடைக்கும் தரையைத்தான் அளக்க வேண்டும். ஜெர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம்.

ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடிக்கிறது, பல் வளர்கிறது போலும் என்று நினைக்கிறோம். தோண்ட ஆழம் போதாததும் அதற்குக் காரணம். சுவிட்சர்லாந்தில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கைகளில் (அது தோண்டுவதற்காகத் தரையில் நிரப்பும் பொருள்) தனித்தனியே வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. படுக்கையில் இருந்தவை மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கம்பியைக் கடித்தன. 80 செ.மீ. படுக்கையில் இருந்தவை கடிக்கவே இல்லை. கடைக் கூண்டின் அடித்தட்டில் நாலு விரற்கடைப் படுக்கைகூட நிற்காது. பிராணி தோண்டத் தொடங்கினால் கம்பி வழியே வீடெல்லாம் இறையும்.

இதற்குச் சரியான வீடு மீன்தொட்டிக் கடையில் இருக்கிறது. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் சொன்ன அளவுக்கு ஒட்டித் தருவார்கள். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் கேளுங்கள். தண்ணீர் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டால் கனம் குறைந்த கண்ணாடியே போதும், விலையும் இறங்கும். ஒழுகுகிறது என்று ஓரங்கட்டிய பழைய தொட்டி கிடைத்தால் அதுவும் நல்லதே. மேலே மரச்சட்டத்தில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடித்து மூட வேண்டும். நைலான் கொசுவலை ஓர் இரவுகூடத் தாங்காது. கண்ணாடிப் பலகையால் மூடினால் உள்ளே புழுங்கி, சிறுநீரின் அமோனியா நெடி மூச்சைப் பாதிக்கும். முன்பக்கக் கண்ணாடியில் மேல் நாலு அங்குலத்தை விட்டுவிட்டு அங்கேயும் வலை வைக்கச் சொன்னால், நம் வெக்கைக்கு இன்னும் நல்லது.

படுக்கைக்கு மரக்கடைத் தூள் ஆகாது. நைசான தூசு மூக்கிலும் நுரையீரலிலும் ஏறும். எந்த மரத்தைச் சீவியது, என்ன மருந்து அடித்தது என்பதும் தெரியாது. மை இல்லாத காகிதத் துண்டுகளும் காய்ந்த புல்லும் போதும். வைக்கோல் வேண்டாம், அதன் முனை ஹாம்ஸ்டர் தீனியை அடக்கிக்கொள்ளும் கன்னப்பையைக் குத்தும். காகிதம் ஒரு அடுக்கு, புல் ஒரு அடுக்கு என்று போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் 25 செ.மீ.க்குக் குறையாமல், மறுபக்கம் 10 செ.மீ. என்று சரிவாக அமைக்கலாம். நாலடித் தொட்டி முழுக்க 25 செ.மீ. நிரப்ப 185 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். கடையில் தரும் சின்னப் பை எந்த மூலைக்கு?

சக்கரம், மண்தட்டு (அது புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள மணல் போட்ட தட்டு), கனமான மரவீடு எல்லாம் தாழ்ந்த பக்கத்தில், தொட்டியின் அடித்தளத்தைத் தொட்டு நிற்க வேண்டும். படுக்கைமேல் வைத்தால், அடியில் தோண்டும்போது சரிந்து பிராணியின் மேலேயே விழும். சக்கரத்தின் விட்டம் சிரியனுக்கு 28 செ.மீ., குள்ள வகைக்கு 20 செ.மீ. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று அர்த்தம். கம்பிப் படி வைத்த சக்கரத்தில் கால் சிக்கும், ஓடுதளம் முழுப் பலகையாக இருக்கட்டும். மண்தட்டுக்கு ஆற்று மணலைக் கழுவி, சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போடலாம். எம் சாண்ட் கல்லை உடைத்து எடுத்தது, தூசு நிறைந்தது. அதைத் தொடவே வேண்டாம். கூடு கட்ட இலவம்பஞ்சு போடுவது பாசம்தான், ஆனால் அந்த இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வாசனையில்லாத டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்டால் அதுவே பஞ்சாக்கிக்கொள்ளும்.

சுத்தம் என்ற பெயரில் வாராவாரம் முழுவதையும் கொட்டிக் கழுவுவதும் துன்பமே. தன் வாடை போய்விட்டால் அது பதறும். தினமும் சிறுநீர் மூலையை மட்டும் அள்ளுங்கள். மாதம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும்.

வெயில் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 20 முதல் 24 டிகிரிதான் அதற்கு இதம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. வியர்க்காத பிராணி என்பதால் மின்விசிறிக் காற்றால் அதற்குப் பெரிய பயன் இல்லை. வெயில் படும் பால்கனியில் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். வீட்டிலேயே குளிர்ந்த உள்ளறையில் வைத்து, தாழ்ந்த பக்கத்தில் தரைக்குப் பதிக்கும் டைல் ஒன்றைப் போட்டு, உச்சிவேளையில் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வைக்கலாம். மே மாதத்தில் ஏசியோ குளிர்ந்த அறையோ இல்லாத வீட்டில் ஹாம்ஸ்டர் வாங்காதிருப்பதே மேல்.

இன்னொன்று, எறும்பு. பதுக்கிவைத்த தானியத்தைத் தேடி நிச்சயம் வரும். எறும்புச் சாக்பீஸ் விஷம், அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தொட்டி வைத்த மேசையின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்; பழைய சமையலறை அலமாரிக்கு வைத்ததுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.