கடைவீதியின் வரலாறு பத்திரத்திலும் பில்லிலும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் மலர்களில் வரும் கடைவீதிக் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பெரியவர்களின் நினைவை நம்பியே எழுதப்படுகின்றன. நினைவு வேண்டியதுதான். ஆனால் எந்தக் கடை, எந்த இடத்தில், எந்த ஆண்டில் என்று கேட்டால் அது தடுமாறும். அதற்கான சான்று ஊருக்குள்ளேயே காகிதமாகக் கிடக்கிறது. சாலையை அகலப்படுத்த இடிக்கும்போது கட்டடத்தோடு அந்தக் காகிதமும் குப்பைக்குப் போய்விடுகிறது. திரட்ட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

கதவு எண்ணை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. வார்டு பிரிக்கும்போது அது மாறும். பழைய எண், புதிய எண் என்று ஒரே கடைக்கு இரண்டு இருக்கும். நில அளவையில் ஒவ்வொரு மனைக்கும் தந்த நகர அளவை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனை உடைந்தாலும் பெரும்பாலும் உட்பிரிவு எண்தான் கூடும். தெருவின் இரு பக்கத்தையும் நீளத் தாளில் வரைந்து, ஒவ்வொரு மனைக்கும் அந்த எண்ணைக் குறித்துவிட்டால் பிறகு கிடைக்கும் எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம்.

அடுத்தது கிரயப் பத்திரம். அதில் பொன்னானது செக்குபந்தி, அதாவது மனையின் நான்கு பக்க எல்லை விவரம். ‘இன்னாருடைய ஜவுளிக்கடைக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு’ என்று எழுதியிருக்கும்போது ஒரு மனையின் பத்திரம் பக்கத்து மனைகளுக்கும் சாட்சி சொல்கிறது. ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்லை விவரத்தை மூலப் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்தெழுதுவது வழக்கம். 1970-ல் பதிவான பத்திரத்தில் 1930-ல் இருந்த பக்கத்துக் கடைக்காரர் பெயர் நிற்கலாம். பக்கத்து மனையின் பத்திரத்தோடு ஒப்பிடாமல் ஆண்டைக் குறிக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது உரிமையாளரைச் சொல்லும், வாடகைக்குக் கடை நடத்தியவரைச் சொல்லாது. 11 மாத வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவுக்கே போவதில்லை. கடைக்காரரைத் தேட வேண்டிய இடம் வேறு: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் விளம்பரங்கள், கடைப் பெயர் அச்சிட்ட நாள்காட்டி அட்டை, வணிகர் சங்க மகமைக் (பொதுக் காரியத்துக்குக் கடைக்காரர்கள் தரும் பங்கு) கணக்கு. கோயிலுக்குச் சொந்தமான கடை என்றால் வாடகைதாரர் பெயர் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் (வரவேண்டிய வாடகை, வந்தது, பாக்கி) இருக்கும். அது ஜூலையில் தொடங்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருப்பதால், ஆங்கில ஆண்டு அறிய 590-ஐக் கூட்ட வேண்டும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. பழைய பேரேட்டில் ‘விஜய வருடம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1893-94, 1953-54, 2013-14 மூன்றுமே விஜயதான்.

தேதி கிழிந்த பில்லுக்குக்கூட ஆண்டு சொல்ல முடியும். அணா, பைசாவாக மாறியது 1957 ஏப்ரலில்; ‘ந.பை.’ (நயா பைசா) என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட அச்சு. வீசை, பலம் என்ற பழைய எடை அளவுகள் இருந்தால் பெரும்பாலும் 1960-களின் தொடக்கத்துக்கு முந்தையது. பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு எண் 2007 முதல் 2017 ஜூன் வரை, தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண் அதற்குப் பிறகு. ஒரு எச்சரிக்கை: பழைய பில் புத்தகத்தைத் தீரும்வரை பயன்படுத்துவார்கள். ஆகவே இந்த அடையாளங்கள் ‘இதற்கு முன் அச்சாகியிருக்காது’ என்று சொல்வதில் உறுதியானவை. ‘இதற்குப் பின் எழுதியிருக்க மாட்டார்கள்’ என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. பலகையில் பழைய ணை, லை எழுத்து இருப்பதும் அப்படியே. எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-ல் வந்தது, ஆனால் பெயிண்டர்களின் கை உடனே மாறிவிடவில்லை.

கட்டட முகப்பைப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நல்லது. வண்டியும் இருக்காது, தட்டியும் வெளியே வந்திருக்காது. ஃபிளெக்ஸ் மாற்றும் நாள் அதைவிட முக்கியம். அடியில் சிமெண்டில் எழுதிய பழைய கடைப் பெயரும் கட்டிய ஆண்டும் அந்தச் சில மணி நேரம்தான் கண்ணில் படும். ஷட்டர் போடாமல் எண் எழுதிய பலகைகளை வரிசையாகச் செருகிப் பூட்டும் கடை மிச்சமிருந்தால், அந்த எண்களையும் சேர்த்து எடுங்கள்.

நகராட்சிகள் இடிப்பு நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, அளவை எண் வாரியாக முகப்புப் படம் எடுத்து, சொத்துவரிக் கேட்புப் பதிவேட்டின் பழைய தொகுதிகளோடு அருகிலுள்ள நூலகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் வாரம் ஒரு பழைய பில்லையோ விளம்பரத்தையோ வெளியிட்டால், பரணில் கிடக்கும் மற்றவை வெளியே வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்