கன்று நட வேறு இடமா இல்லை?

ஆசிரியருக்கு,

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை வடக்கில், தெலுக் ஆயர் தாவார் – கோலா மூடா கரையோரச் சேற்றில் அலையாத்தி (சதுப்புநில மரம்) கன்றுகள் நடும் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. மரம் வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால், நீர் வற்றும்போது வெளிப்படும் வெற்றுச் சேறு வீண் நிலமன்று. வடக்கே சைபீரியாவிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் புழுவும் நண்டும் தேடி இறங்குவது அதில்தான். அழியும் ஆபத்திலுள்ள நார்ட்மன் பச்சைக்காலி என்னும் கரைப்பறவையும் இங்கு வருகிறது. பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் இக்கரையை முக்கியப் பறவைப் பகுதியாகப் பட்டியலிட்டுள்ளது. மரம் அடர்ந்துவிட்டால் இப்பறவைகள் அங்கே இறங்கமாட்டா.

மேலும், நாளில் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் பாக்காவ் என்னும் அலையாத்தி வகைக் கன்று பிழைப்பதும் அரிது. பட்டர்வொர்த்வாசியான நான் அப்பக்கம் போனபோது, முன்பு நட்ட வரிசையொன்றில் தண்டு முழுக்கக் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுடைய சிறு கடலுயிரி) அப்பிக் கன்றுகள் சாய்ந்து கிடந்தன. முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சிகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. (நட்டுவிட்டுப் படமெடுத்துக்கொண்டவர்கள் மறுமுறை வந்து பார்த்தார்களோ என்னவோ!) ஆகவே, நடுவதற்கு முன் நீர்மட்டத்தையும் பறவைகள் இரைதேடும் இடங்களையும் ஆராய்ந்து வரைபடமாக்குவதை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும். கன்றுகளை ஆற்று முகத்துவாரங்களிலும் கைவிடப்பட்ட இறால் குளங்களிலும் நடலாம். குளத்து வரப்பை உடைத்துக் கடல்நீரை உள்ளே விட்டாலே பல இடங்களில் விதைகள் தாமாக மிதந்து வந்து முளைக்கும்.

– வாசகர், பட்டர்வொர்த்