மிஷனெரி ஜெபக்குழு: செயலரின் ஆண்டறிக்கை (2023 ஏப்ரல் – 2024 மார்ச்)

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன; டிசம்பரில் மட்டும் ஆராதனை நெருக்கடியில் நடத்த முடியவில்லை. மிஷனெரி ஞாயிறும் முழு இரவு ஜெபமும் வழக்கம்போல நடந்தன. பிடி அரிசிக் காணிக்கையைப் பெண்கள் ஐக்கியத்தார் ஒரு வாரமும் விடாமல் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நாம் தாங்குகிற மிஷனெரி அண்ணனும் அக்காவும் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் தென்கோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ன்சாஞ்சே மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் மலாவியின் தென்பகுதியை அழித்தது. அந்த நாட்டில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த நாட்டு அரசு, வறட்சி காரணமாக 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்தது. வெள்ளத்தில் போன மக்காச்சோளத்தை மறுபடி விதைத்தவர்களுக்கு மழை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுடைய இந்த வருஷம் போயிருக்கிறது.

இனி கடிதங்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மாதக் கடிதத்தில் இரண்டு தாள் இருக்கும். முதல் தாள் அண்ணன் எழுதுவது: கூட்டம், ஞானஸ்நானம், ஜெபக் குறிப்பு. இரண்டாவது அக்கா எழுதுவது. நேரம் போதாது என்று பல வருஷமாக முதல் தாளோடு நிறுத்திவிடுவோம். ஜூன் மாதத்திலிருந்து இரண்டையும் முழுவதும் வாசிக்கிறேன். வர முடியாத முதியவர்களுக்குப் பெரிய எழுத்தில் பிரதி எடுத்து வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "சமையல் விஷயமெல்லாம் ஜெபக்கூட்டத்தில் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். ஆகஸ்ட் கடிதத்தைக் கேட்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷிரே ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமம். அங்கே உள்ள அஃப்ரிடெவ் கைப்பம்பு, நம் ஊர் அடிபம்பு மாதிரிதான், வெள்ளத்துக்கு அப்புறம் சேறு அடைத்துக் கிடந்தது. முதலையும் நீர்யானையும் உள்ள ஆறு அது. மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் அண்ணன் ஸ்பேனர்களோடு முன்னால் உட்கார, அக்கா ரப்பர் வாஷர்களைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஓடத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கடை இடைவெளிதான். குழாயை உருவித் துடைத்து மாட்ட இரண்டு நாள் ஆனது. முதலில் செந்தண்ணீர், அப்புறம் கலங்கல், சாயங்காலம்தான் தெளிந்தது. ஒரு பாட்டி முதல் வாளித் தண்ணீரைத் தான் குடிக்காமல் அக்காவின் கைகளில் ஊற்றிக் கழுவிவிட்டு, "ஸிகோமோ" என்றாராம். நன்றி என்று அர்த்தம். அன்று இரவு அந்தப் பாட்டி வீட்டில்தான் ன்சிமா சாப்பிட்டார்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது, நம் களியைப் போல. அண்ணனுடைய தாளில் இது "ஒரு கிராமத்தில் பம்பு சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரியில் இருந்தது.

ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி லிவிங்ஸ்டன் அந்த ஷிரே ஆற்றில் போனதை ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அவருடைய மனைவி மேரி அந்த ஆறு போய்ச் சேரும் ஸாம்பெசி நதிக்கரையில், ஷுபாங்கா என்ற இடத்தில், 1862 ஏப்ரல் 27-இல் காய்ச்சலில் இறந்ததை யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் இரண்டாவது தாளை விடக்கூடாது என்று நிற்கிறேன்.

வருகையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா எழுதியதை அவருடைய சொந்த ஊர் கேட்க வேண்டும் என்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டுக் காத்திருக்கிறோம். வருகிறவர்கள் பதினைந்து பேரைத் தாண்டுவதில்லை. கமிட்டியிலேயே சிலரை ஆறு மாதமாகப் பார்க்கவில்லை.

சந்தா மாதம் நூறு ரூபாய். பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் நிலுவை நிற்கிறது. செப்டம்பரில் தொகை சேராமல் மூன்று வாரம் தாமதமாக அனுப்பினோம். அந்த மூன்று வாரமும் தேய்ந்த டயரோடு மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றது. அண்ணன் சைக்கிள் டாக்சியிலும் நடந்தும் சபைகளுக்குப் போனார். அவர்கள் இதைக் குறையாக எழுதவில்லை. நான் கேட்டதால் சொன்னார்கள். நவம்பரில் மலாவியின் மத்திய வங்கி அந்த நாட்டுப் பணமான க்வாச்சாவின் மதிப்பைக் குறைத்தது; டாலரின் விலை க்வாச்சாவில் 44 சதவீதம் ஏறியது. "அப்படியானால் நம் ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைக்குமே" என்று ஒருவர் சொன்னார். கிடைத்தது உண்மைதான், ஆனால் சோள மாவும் பெட்ரோலும் அதற்குள் விலை ஏறிவிட்டன.

கணக்கைப் பொருளாளர் எழுதி, தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். வரவைவிடச் செலவு கூடுதல். குறைந்ததைச் சேமிப்பிலிருந்து எடுத்து ஈடுகட்டினோம். விவரம் வேண்டுவோர் ஆராதனை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

குருவானவர் ஐயா, பெண்கள் ஐக்கியத்தார், பிரதி எடுத்துத் தந்த தம்பிமார், ஒலிபெருக்கி உதவியவர்கள் யாவருக்கும் நன்றி.

வருகிற ஆண்டு மிஷனெரி அண்ணனும் அக்காவும் இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறார்கள். பயணச் செலவில் ஒரு பங்கை நாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறோம். நிலுவை உள்ளவர்களின் பெயரை நான் இங்கே வாசிக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவேன். பணம் இல்லாவிட்டாலும் கதவைத் திறந்தால் போதும், மார்ச் கடிதத்தின் இரண்டாவது தாள் கையில் இருக்கும், வாசித்துவிட்டுப் போகிறேன். செயலர் பொறுப்பை வேறு யாராவது எடுக்க விரும்பினால் மனதார ஒப்படைக்கிறேன். கடிதம் வாசிப்பதை மட்டும் என்னிடம் விட்டுவையுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்