பேரேட்டில் இல்லாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொங்குப் பகுதியின் தொட்டிக்கட்டு வீடுகளை, அதாவது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊத்துக்குளி வெண்ணெய் வியாபாரிகளின் வீடுகளையும் அதில் சேர்த்திருந்ததில் சந்தோஷம். ஆனால் அந்த வீடுகள் எழும்பக் காரணமான பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வெண்ணெய் வாங்கி, நெய் உருக்கி, தகர டின்களில் அடைத்து, ஈயம் வைத்து மூடி ரயிலில் அனுப்பியவர். ஈரோடு – கோவை பாதையில் எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் இருந்தது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். வீட்டுத் தொழுவத்தில் மாடு பெயருக்குத்தான். வெண்ணெய் எல்லாம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தது. இரண்டு மூன்று எருமை வைத்திருந்த பெண்கள் கோழி கூப்பிடும் நேரத்தில் எழுந்து, மொடாவில் தயிரை ஊற்றி, மத்துக் கயிற்றை இழுத்துக் கடைவார்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு 12, 13 லிட்டர் எருமைப்பால் வேண்டும். மோர் வீட்டுக்கு. வெண்ணெயைத் தூக்குப்போசித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே வாழையிலை போட்டு எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவார்கள்.

வாங்குவது அப்பத்தாவின் வேலை. உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்துவார். தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்தால் எடையில் கழிவு உண்டு. கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்து, எத்தனை நாள் தயிர் என்று சொல்லிவிடுவார். எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்தார்களா என்பதும் அவருக்குத் தெரியும். அது தின்ற எருமையின் வெண்ணெய் வெயிலிலும் கெட்டியாக நிற்கும். பஞ்சு வியாபாரம் நடந்த திருப்பூர் பக்கத்திலேயே இருந்ததால் பருத்திக்கொட்டைக்குக் குறைவில்லை. உருக்கும்போது அண்டாவின் சலசலப்பு அடங்கும் வரை அவர் அடுப்பை விட்டு நகரமாட்டார். அப்புறம் முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கி, அசைக்காமல் ஆறவிட வேண்டும். அப்போதுதான் நெய் மணல் மணலாக உறையும். அடியில் தங்கும் கசண்டு எங்களுக்கு; சுடுசோற்றில் பிசைந்து தருவார்.

எங்கள் பெரிய அத்தைக்கும் இந்தத் தொழிலில் இடம் உண்டு. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பவர்களைப் பிடிக்கத்தான் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. உருக்கிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துளி சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், கலப்படம் இருந்தால் அந்த நல்லெண்ணெயால் சிவப்பேறும். வெளியிலிருந்து நெய்யாகவே வந்த சரக்கை முன்கட்டு அறையில் உட்கார்ந்து இப்படிச் சோதித்தவர் எட்டாவது வரை படித்த அத்தை. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு டின்னுக்கும் ஈயம் வைத்ததில்லை.

பிறகு ஊர் ஊராகப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1981ல் மாநில அளவில் அவற்றின் கூட்டமைப்பும் அமைந்து, அதன் ஆவின் என்ற பெயர் வீடுதோறும் தெரிந்த பெயரானது. காலையும் மாலையும் பாலை ஊற்றினால் காசு என்றானபின் விடியுமுன் எழுந்து கடைய யாருக்கு மனம் வரும்? அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெண்களின் தோள்வலி குறைந்தது நல்லதுதான். எருமைகள் போய்க் கலப்பினப் பசுக்கள் வந்தன, க்ரீம் பிரிக்கும் மெஷின் வந்தது, எங்கள் வியாபாரம் நின்றது. பாகப்பிரிவினையில் வீடு மூன்றாகி, பின்கட்டு இப்போது பனியன் குடோன்.

அப்பாருவின் பேரேடுகள் என்னிடம் இருக்கின்றன. போன மாதம் புரட்டியபோதுதான் கவனித்தேன்: தோட்டத்தின் பெயரும் கணவனின் பெயரும் இருக்கின்றன, கடைந்து கொண்டுவந்தவளின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. அப்பத்தாவுக்கு அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவரோடு அது போய்விட்டது.

மத்துப் பிடித்த பெண்களில் சிலர் எண்பதைத் தாண்டி இன்னும் எங்கள் சுற்றூர்களில் இருக்கிறார்கள். தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதை அவரவர் பெயரோடு பதிவுசெய்ய வேண்டுகிறேன். பேரேடுகளைத் தரத் தயாராக இருக்கிறேன். எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று கூடவே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஊத்துக்குளி ஆர்.எஸ்.