44 வாரம்: அம்முவுக்கு ஒரு கடிதம்

29-6-2025

அன்புள்ள அம்முவுக்கு,

நீட் தேர்வுக்காக நீ போட்டு அனுப்பிய டைம்டேபிளை இரண்டு தடவை படித்தேன். காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுக்கை, நடுவில் பதினான்கு மணி நேரம் படிப்பு. கோடு போட்டு, பாடத்துக்கு ஒரு கலர் அடித்து, ஒரு கட்டம்கூட மிச்சமில்லாமல் நிரப்பியிருக்கிறாய். அந்த மிச்சமில்லாததுதான் எனக்குக் கவலை. இது ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ நின்றுவிடும். உன்னிடம் உழைப்பு இல்லாததால் இல்லை, கணக்கு இடிப்பதால். அந்தக் கணக்கை எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே திருத்திப் போடு.

முதல் மாதத்தில் பெரும்பாலும் புதுப் பாடம்தான் இருக்கும், எல்லாம் சரியாகப் போவதுபோலத் தெரியும். ஆனால் படித்த ஒவ்வொரு பாடமும் திரும்பி வரும்: மறுநாள் கால் மணி நேரம், ஏழாம் நாள் ஒரு மணி நேரம், முப்பதாம் நாள் முக்கால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று பாடம் என்றால், ஐந்தாவது வாரத்திலிருந்து பழைய பாடத்துக்கு மட்டும் வாரம் ஆறு மணி நேரம் போகும். மாதிரித் தேர்வு எழுதும் வாரத்தில் தேர்வுக்கு மூன்று மணி, அதை அலசுவதற்கு மூன்று மணி. ஆகப் பன்னிரண்டு மணி நேரம். உன் அட்டவணையில் இதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. இடம் இல்லாதபோது எல்லோரும் செய்வது ஒன்றே, ரிவிஷனைத் தள்ளிவைத்துப் புதுப் பாடத்தை முடிப்பது. டிசம்பரில் "சிலபஸ் முடிந்தது" என்று சொல்வார்கள், ஜூலையில் படித்தது கையில் இருக்காது.

அதனால் அட்டவணையைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கிப் போடு. 2023-இல் மே 7, 2024-இல் மே 5, இந்த ஆண்டு மே 4 என்று நீட் மே மாதத்தின் முதல் ஞாயிற்றில்தான் நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு மே 3 என்று வைத்துக்கொள், அறிவிப்பு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். இன்றிலிருந்து சரியாக 44 வாரம். கடைசி 5 வாரம் முழுத் தேர்வுகளுக்கும் கடைசிச் சுற்று ரிவிஷனுக்கும். அதற்கு முந்தைய 8 வாரம், பிப்ரவரியும் மார்ச்சும், இரண்டாம் சுற்று. மீதி 31 வாரம் முதல் சுற்று. இந்த 31-இல் ஆறு வாரத்துக்கு ஒன்றை வெறுமையாக விடு, மொத்தம் 5 வாரம் போகும். தீபாவளி, பொங்கல், காய்ச்சல், ஹாஸ்டலில் தண்ணீர் வராத நாள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆக வேலை வாரம் 26.

இப்போதைய என்சிஇஆர்டி புத்தகத்தில் உயிரியல் 32, இயற்பியல் 28, வேதியியல் 19 பாடங்கள். அதோடு பி தொகுதித் தனிமங்கள். 2024-க்கு மருத்துவ ஆணையம் குறைத்து வெளியிட்ட பாடத்திட்டத்தில் அது இருக்கிறது, ஆனால் புது வேதியியல் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுப் புத்தகத்தை மட்டும் நம்பினால் இது கண்ணிலேயே படாது, பழைய பதிப்பில்தான் படிக்க வேண்டும். ஏறக்குறைய 80 பாடம், 26 வாரம், வாரத்துக்கு மூன்று. நீ வாரம் ஐந்து போட்டிருக்கிறாய். அவ்வளவு தேவையில்லை கண்ணு.

அதே பாடத்திட்டத்தில் நீக்கப்பட்டவையும் உண்டு: செரிமானம், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள். உன் அட்டவணையில் இவற்றில் நான்கு இருக்கின்றன, பழைய நோட்டைப் பார்த்து எழுதியிருப்பாய் போல. எடுத்துவிடு. அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டம் வெளியானதும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்.

பாட வரிசையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே கரிம வேதியியலில் ஆல்டிஹைடு, கீட்டோன் வருகிறது. கரிம வேதியியலின் அடிப்படைக் கருத்துகள் முடியாமல் அதைத் தொட்டால் வினைகளை மனப்பாடம்தான் செய்ய முடியும். ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டால், இல்லாத பென்சால்டிஹைடு போன்றவற்றுக்குக் கன்னிசாரோ என்பது, அந்த ஹைட்ரஜன் ஏன் எளிதில் பிரிகிறது என்று தெரிந்தால்தான் நிற்கும். மோல் கருத்து, வெப்ப இயக்கவியல், சமநிலை, பிறகு மின்வேதியியல். இயற்பியலில் முதல் வாரம் வெக்டரும் அடிப்படை வகையீடு, தொகையீடும் மட்டும். அலைவுகள் முடிந்த பிறகு அலைகள், நிலைமின்னியலுக்குப் பிறகு மின்னோட்டம், அப்புறம் காந்தவியல், மாறுதிசை மின்னோட்டம். உயிரியலில் செல், உயிரிமூலக்கூறுகள், செல் பிரிதல், மரபியல், மூலக்கூறு மரபியல், உயிரித்தொழில்நுட்பம் என்ற சங்கிலியை அறுக்காதே.

இனி ஒரு நாளுக்கு வருகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் படித்த நேரமாக எழுதாதே. நாளையிலிருந்து மூன்று நாள் டைம்டேபிள் எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறந்தாய், எத்தனை மணிக்கு மூடினாய் என்பதை மட்டும் ஒரு சீட்டில் குறித்து வை. வகுப்பு போக உனக்கென்று ஐந்தரை, ஆறு மணி நேரம் தேறலாம். தேறுவதை வைத்து அட்டவணை போடு, ஆசையை வைத்துப் போடாதே. தூக்கம் ஏழு மணி நேரம், இதில் பேரம் கிடையாது. பகலில் படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். மாதாமாதம் உடம்பு முடியாத அந்த இரண்டு நாளுக்குப் புதுப் பாடம் வைக்காதே, முப்பதாம் நாள் ரிவிஷனும் படம் வரைவதும் போதும். அதை முன்கூட்டியே குறித்துவிட்டால் அன்றைக்கு "ஒன்றும் நடக்கவில்லை" என்ற குற்ற உணர்வு வராது.

மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை தூக்கம் என்று எழுதியிருக்கிறாய். நீட் நடப்பதே மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. இப்போதைக்குத் தூங்கு, பிப்ரவரியிலிருந்து அந்த நேரம் கேள்வி போடும் நேரமாக மாற வேண்டும். முழுத் தேர்வு எதையும் காலையில் எழுதாதே, மதியம் இரண்டு மணிக்கே உட்கார். தேர்வு நாளில் ஒன்றரைக்கு வாசலை அடைத்துவிடுவார்கள், அதற்கு வெகு முன்னாலேயே வரச் சொல்வார்கள். சாப்பாடு பதினொன்றரை வாக்கில்தான் வாய்க்கும். சாதத்தைக் குறைத்து முன்னதாகவே சாப்பிடுவதை மாதிரித் தேர்வு நாட்களிலேயே பழகு.

தாள் இந்த ஆண்டு நடந்தபடியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் 90 கேள்வி, மற்ற இரண்டும் 45, 45. விருப்பக் கேள்வி இப்போது இல்லை. உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, மிச்சம் 15 விட்டுவைத்ததைத் திரும்பிப் பார்க்க. இந்த ஆண்டு இயற்பியல் எவ்வளவு நீளமாக வந்தது என்று உனக்கே தெரியும். உயிரியலில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அங்கேதான் போய்ச் சேரும். ஓஎம்ஆர் விடைத்தாளின் வட்டத்தைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைக்காதே. ஒரு வட்டத்துக்கு ஐந்து நொடி என்றாலும் 180-க்குப் பதினைந்து நிமிடம் ஆகும், அவசரத்தில் ஒரு வரிசை தள்ளிப்போனால் கீழே உள்ள அத்தனையும் தப்பு. பக்கம் முடிய முடிய நிரப்பு. பயிற்சியிலும் கறுப்பு பால்பாயின்ட் பேனாவே பிடி.

சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. தெரியாமல் குறித்தாலும் கணக்குப்படி கால் மதிப்பெண் லாபம் வருமே என்று கேட்டிருந்தாய். நான்கு விடையும் ஒரே அளவு சாத்தியமாக இருந்தால் அது சரி. ஆனால் தவறான விடைகளைத் தயாரிப்பவர் அரைகுறை ஞாபகத்தை இழுக்கத்தான் தயாரிக்கிறார், உனக்குப் "பழகினதுபோல" தோன்றுவது அவர் வைத்ததாகவே இருக்கலாம். இரண்டு விடையைக் காரணத்தோடு அடிக்க முடிந்தால் குறி, அங்கே சராசரியாக ஒன்றரை மதிப்பெண் உன் பக்கம். முடியாவிட்டால் தாண்டிப் போ. மதிப்பெண் சமமானால் முதலில் உயிரியலைத்தான் பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வை.

உயிரியலை வரி வரியாகப் படிக்கிறேன் என்கிறாய், நல்லது. ஆனால் படிப்பது பாதி வேலைதான். புத்தகத்தை மூடி வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்து, விட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். படத்தின் பெயர்க்குறிப்பு, அட்டவணையின் கடைசிக் கட்டம், உதாரண உயிரிகளின் பெயர், இந்த மூன்றிலும்தான் பொருத்துக கேள்விகள் வருகின்றன. கிரெப்ஸ் சுழற்சியின் ஒரு சுற்றுக்கு மூன்று என்ஏடிஹெச், ஒரு எஃப்ஏடிஹெச்2, ஒரு ஏடிபி. கேள்வி ஒரு குளுக்கோஸுக்கு என்று கேட்டால் இரண்டு சுற்று. இதைத் தெரியாமல் தவறவிடுபவர்கள் குறைவு, கேள்வியை முழுதாகப் படிக்காமல் தவறவிடுபவர்களே அதிகம்.

இயற்பியலில் தீர்வைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கு போட்ட கணக்காகாது. பாடத்துக்கு நாற்பது கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பதும், லென்ஸில் குறியீட்டு மரபை விடுவதும் உன் விடைத்தாளில் திரும்பத் திரும்ப வருகின்றன. செய்முறைத் திறன்களை ஒதுக்காதே: திருகு அளவியில் புரியிடைத் தூரம் அரை மில்லிமீட்டர், தலைக்கோலில் 50 பிரிவு என்றால் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். சுழிப் பிழை நேராக இருந்தால் கழிக்க வேண்டும், எதிராக இருந்தால் கூட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் பகுதி, விட்டால் நான்கு மதிப்பெண் போகும்.

தமிழ் வழியில் படித்த உனக்கு இன்னொன்று. தமிழ் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் கிடைக்கும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி. நம் பாடநூலில் நிலைமத்திருப்புத்திறன், ஆங்கிலத்தில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. திருப்புவிசைக்கு டார்க். "பிணைப்பு" வேதியியலில் பாண்டிங், மரபியலில் லிங்கேஜ். கருத்தை நம் பாடநூலில் படி, வாக்கியத்தை என்சிஇஆர்டியில் பார். பாடம் முடிந்த அன்றே இருபது சொல்லை இரண்டு பத்தியாக ஒரு சின்ன நோட்டில் எழுது. தேர்வறையில் இரண்டு மொழியையும் ஒப்பிட்டுத் தடுமாறும் நேரம் அங்கேதான் மிச்சமாகும்.

மாதிரித் தேர்வு ஆகஸ்டிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒன்று, டிசம்பரிலிருந்து வாரம் ஒன்று, ஏப்ரலில் வாரம் மூன்று, தேர்வுக்கு முந்தைய மூன்று நாள் எதுவும் வேண்டாம். மாதிரித் தேர்வுக்கு மறுநாள் காலை புதுப் பாடம் வைக்காமல் தவறுகளைப் பிரி. படிக்கவே இல்லாதது, படித்து மறந்தது, தெரிந்தும் கைதவறியது. முதலாவதற்கு வெறுமை வாரம் மருந்து, இரண்டாவதற்கு ரிவிஷன் தேதியை முன்னுக்கு இழுக்க வேண்டும். மூன்றாவதற்கு மறுபடி படிப்பது உதவாது, "தவறானது எது" என்ற சொல்லின் கீழ் கோடு போடும் பழக்கம்தான் உதவும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அழுவதும் சிரிப்பதும் இந்த மூன்றையும் மறைத்துவிடும், அம்மு.

ஐந்து நாள் காய்ச்சல் வந்தால் முழு அட்டவணையையும் ஐந்து நாள் தள்ளாதே. விட்ட பாடத்தை மட்டும் அடுத்த வெறுமை வாரத்தில் போட்டுவிட்டு, மற்றதை அந்தந்தத் தேதியில் தொடர். வெறுமை வாரமும் தீர்ந்துபோனால் புதுப் பாடத்தின் ஆழத்தைக் குறை, ரிவிஷனைக் குறைக்காதே. சனிக்கிழமை மாலையும் காலியாகவே இருக்கட்டும். பாக்கி இருந்தால் படி, இல்லையென்றால் தூங்கு.

விண்ணப்பம் இந்த ஆண்டு பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை நடந்தது, அடுத்த ஆண்டும் உன் இரண்டாம் சுற்றின் நடுவில் வரலாம். சாதிச் சான்றிதழையும், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்காக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் அக்டோபருக்குள் நானும் அம்மாவும் வாங்கி வைத்துவிடுகிறோம். நீ அதற்காக ஒரு நாளும் ஊருக்கு வர வேண்டாம்.

பழைய பதிப்பு வேதியியல் புத்தகம் இரண்டும், பத்துக் கறுப்புப் பேனாவும், அம்மா செய்த எள்ளுருண்டையும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். வியாழன் இரவு போனில் பேசும்போது அந்த மூன்று நாள் சீட்டைக் கையில் வைத்துக்கொள், மணிக்கணக்கைப் பார்த்து ஜூலை மாதத்தைச் சேர்ந்து போட்டுவிடலாம்.

அன்புடன்,
அப்பா